எருமை கத்தாது... நாமதான் கவனிக்கணும்!

"கன்னு போட்டு ஆறு மாசமாச்சு, இன்னும் பருவத்துக்கே வரலை!" சித்திரை, வைகாசியில் எருமை வளர்க்கும் வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. உத்திரமேரூர் பக்கமும் விதிவிலக்கில்லை. மலடு என்று முடிவுகட்டி சந்தைக்கு ஓட்டிவிடுபவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுங்க மக்களே... குறை மாட்டில் இல்லாமல், மாதத்தில் இருக்கலாம்!

எருமை, பகல் நேரம் குறையும் காலத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் விலங்கு. புரட்டாசி முதல் மாசி வரைதான் அதிகம் சினை பிடிக்கும். டெல்லியில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் சுமார் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம் பக்கம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் இங்கே வெயில், தீவனம், தண்ணீர் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கறுப்புத் தோல் வெப்பத்தை இழுக்கும். பசுவைவிட வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. குட்டையில் புரள்வது சோம்பேறித்தனம் இல்லை, அதுதான் எருமையின் ஏசி. உடல் சூடேறினால் தீனி குறையும், ஹார்மோன் தடுமாறும், பிடித்த கருவும் தங்காமல் போகலாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே 'ஏரி வாரியம்' வைத்து ஏரியைப் பராமரித்த ஊர் உத்திரமேரூர். ஏரி வற்றினால் பயிருக்கு மட்டுமல்ல, எருமைக்கும் கஷ்டம்தான்.

அடுத்த சிக்கல், 'ஊமைப் பருவம்'. பசு மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது. கண்ணாடி போன்ற திரவம் வழிவது, அடிக்கடி சிறுநீர் விடுவது, பால் குறைவது போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். தவறவிட்டால் அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்கணும். சினைக்காலமோ 10 மாதத்துக்கும் மேல். அத்தனை நாளும் தீவனச் செலவு மட்டும் நிற்காது.

என்ன செய்யலாம்?

* உச்சி வெயிலில் நிழலில் கட்டுங்கள். குட்டை இல்லையென்றால் இரண்டு, மூன்று முறை உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள்.

* பசுந்தீவனத்தோடு தாது உப்புக் கலவையும் கொடுங்கள்.

* படுக்கும் முன்பும் விடியலிலும் ஒரு பார்வை பாருங்கள். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடலாம்.

* ஊசி போட்ட தேதியை காலண்டரில் குறியுங்கள். மூன்று மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

குளிர்காலத்திலும் பருவத்துக்கு வரவில்லையா? கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும்.

சந்தைக்கு ஓட்டுவதற்கு முன்னால், டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டுமே!