பல மரம் கண்ட தச்சன்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். உருகுவே நாட்டு முன்கள ஆட்டக்காரர் செபாஸ்டியன் அப்ரேயுவைப் பற்றிப் பேச்செடுத்தால், கால்பந்து பார்க்கும் என் நண்பர்கள் உடனே இதைத்தான் எடுத்து வீசுகிறார்கள். "முப்பது கிளப் மாறினவன்தானே? காசு கொடுத்தால் யாருக்கும் ஆடுவான்" என்று கையோடு தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

கிளப் கணக்கு என்னவோ உண்மைதான். உருகுவே, அர்ஜென்டினா, ஸ்பெயின், பிரேசில், மெக்சிகோ, இஸ்ரேல், கிரீஸ், ஈக்வடார், பராகுவே, எல் சல்வடார், சிலி என்று பதினொரு நாடுகளில் ஆடியிருக்கிறார். 2017 கடைசியில் சிலியின் அவுடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருக்கு 26வது கிளப். அதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் பெயரும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2021 ஜூனில், 44 வயதில்தான் பூட்ஸைக் கழற்றினார்.

ஆனால் அவர் மாறினாரா, மாற்றப்பட்டாரா? 1998ல் ஸ்பெயினின் டிபோர்டிவோ லா கொருன்யா அவரை விலைக்கு வாங்கியது. சில மாதம் ஆடவிட்டார்கள். பிறகு இரவல் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிரேசிலின் கிரேமியோ, மெக்சிகோவின் டெகோஸ், அர்ஜென்டினாவின் சான் லோரென்சோ, சொந்த ஊர் நாசியோனால், மறுபடி மெக்சிகோவில் குருஸ் அசுல். ஒரே முதலாளி, ஒரே ஒப்பந்தம், ஆனால் ஐந்து சட்டை! நம் வீட்டுக் கடப்பாரையைத் தெருவில் ஐந்து பேர் இரவல் வாங்கிப் போனால், கடப்பாரை ஊர் சுற்றுகிறது என்றா சொல்வோம்? நம்மில் எத்தனை பேர் மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி படுக்கையோடு ரயிலேறியவர்கள்! நம்மை யாரும் விசுவாசம் கெட்டவர்கள் என்று சொல்லவில்லையே.

ரோமா அணியிலேயே கடைசிவரை ஆடிய டோட்டியைக் காட்டி, "அதல்லவா விசுவாசம்" என்கிறார்கள். டோட்டி பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அவர் பிறந்த ஊர் கிளப்புக்கு அவரை வைத்துக்கொள்ளப் பணம் இருந்தது. உருகுவேயின் மொத்த ஜனத்தொகையே சுமார் 35 லட்சம்தான். அங்கே கிளப்புகளுக்கு, பையன்களை வளர்த்து வெளிநாட்டுக்கு விற்பதுதான் பிழைப்பு. விற்றவன் வியாபாரி, விற்கப்பட்டவன் மட்டும் துரோகி! இது என்ன நியாயமோ தெரியவில்லை.

சரி, தச்சன் மரம் வெட்டினாரா என்று பார்ப்போம். 2002ல் குருஸ் அசுலுக்காக ஆடியபோது, ஆறு மாதத்துக்கும் குறைவான ஒரே தொடரில் 19 கோல் போட்டு, மெக்சிகோ லீகில் முதலிடம் பிடித்தார். 2008ல் ரிவர் பிளேட் அர்ஜென்டினாவில் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். புது ஊர், புதுப் பயிற்சியாளர், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றே பழகாத பத்துப் பேர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்துக் கோல் போட வேண்டும். இரண்டு மாதம் கோல் வராவிட்டால் வாசலைக் காட்டிவிடுவார்கள். தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கும் பொறுமை ஸ்ட்ரைக்கருக்குக் கிடைக்காது.

இதற்கெல்லாம் மேலே 2010 இருக்கிறது. ஏப்ரலில், மரக்கானா மைதானத்தில் ஃபிளமெங்கோவுக்கு எதிரான ஆட்டம். பொடஃபோகோவுக்காக அப்ரேயு பெனால்டி அடிக்க வந்தார். ஓங்கி அடிப்பதுபோல ஓடி வந்து, பந்தைக் காலால் மெல்லக் கிள்ளிக் கோலின் நடுவே மிதக்கவிட்டார். கோல்கீப்பர் அதற்குள் பக்கவாட்டில் பாய்ந்துவிட்டிருந்தார். ரியோ மாநிலப் பட்டம் பொடஃபோகோவுக்கு. 1976ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா செய்து காட்டிய வித்தை அது. அப்ரேயு பிறந்ததும் அதே வருஷம்தான்!

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பைக் கால் இறுதி, எதிரே கானா. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில் சுவாரஸ் கையால் பந்தைத் தடுத்து வெளியேற்றப்பட்டார். ஞான் அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுப் போனது. பிறகு பெனால்டி ஷூட் அவுட். உருகுவேயின் ஐந்தாவது அடி, மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த அப்ரேயுவுடையது. அடித்தால் ஆட்டம் முடிந்தது. கோல்கீப்பர் நகராமல் நின்றிருந்தால் பந்து அவர் கைக்குள்ளேயே போய் விழுந்திருக்கும், அப்ரேயு ஆயுள் முழுக்க வசவு வாங்கியிருப்பார். அப்படிப்பட்ட நேரத்திலும் அதே கிள்ளு, அதே மிதப்பு! 1970க்குப் பிறகு உருகுவே முதல்முறையாக அரை இறுதிக்குப் போனது. அவரை 'லோகோ', அதாவது பைத்தியம் என்று கூப்பிடுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

காசுக்கு ஆடுகிறவன் தன் பெயரை இப்படிப் பணயம் வைப்பானா? 1996 முதல் 2012 வரை நாட்டுக்காக 70 ஆட்டம், 26 கோல். 2011ல் கோபா அமெரிக்கா வென்ற அணியிலும் இருந்தார். எந்த நாட்டில் ஆடினாலும் உருகுவேயிலிருந்து அழைப்பு வந்தால் கிளம்பினார். நாசியோனாலுக்கு மறுபடி மறுபடி திரும்பி வந்தார். இதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்க என்ன தயக்கம்?

நாற்பது தாண்டிய பிறகு ஆடிய சில சின்ன கிளப்புகளில், கணக்கை ஏற்றும் ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. அந்த வயதிலும் ஒருவரைக் கூப்பிட்டுச் சட்டை கொடுக்கிறார்கள் என்றால், சும்மாவா கொடுப்பார்கள்?

இப்போது பயிற்சியாளராகிவிட்டார். பெருவில் ஒரு கிளப், மெக்சிகோவில் டிஜுவானா என்று அதிலும் ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. நாலு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவது கிளப் நிர்வாகம்தான். அந்தக் கணக்கையும் இவர் தலையில்தான் எழுதப் போகிறார்கள்.