மவுஸுக்கு வந்த மவுசு

விலை விசாரிப்பதில் பாறசாலைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை. கேரளத்தில் பெட்ரோல் விலை கூடினால் வண்டி அந்தப் பக்கம் போய் டாங்கை நிரப்பிக்கொண்டு திரும்பும். இது 1956-லிருந்து வந்த பழக்கம். அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே மலையாளமும் பேசும் குடும்பங்களுக்கு அப்புறம் பல சாமான்களுக்கு இரண்டு விலை, இரண்டு வரி. அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டிய காலமும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. இப்போது கம்ப்யூட்டர் மவுஸுக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே 18 சதவீதம்.

ஆகவே, பிளஸ் டூ படிக்கும் பையன் கேமிங் மவுஸ் கேட்டு அடம்பிடிக்கும்போது அப்பாவுக்குத் தெரிந்த வித்தை உதவுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டைப் பாறசாலைக்குக் கிழக்கே எந்த ஊரிலும் பார்க்கலாம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. பையன் காட்டும் படத்தில் உள்ள மவுஸின் விலை நாலாயிரம் ரூபாய்.

"ஒரு எலிக்கு நாலாயிரம் ரூவாயா மக்களே?"

"சும்மா மவுஸ் இல்லப்பா. இருபத்தாறாயிரம் டி.பி.ஐ.!"

"அது எதுக்கு?"

பையனிடம் பதில் இல்லை. அவனுக்கு மட்டுமல்ல, அட்டைப் பெட்டியைப் பார்த்து வாங்கும் பெரும்பாலோருக்கும் இதற்குப் பதில் தெரியாது. (தமிழில் இந்தச் சாதனத்துக்குச் 'சுட்டி' என்று அழகான பெயர் இருக்கிறது. ஆனால் வீட்டில் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளைதான். பிராணியை எல்லைக்கு இரு பக்கமும் எலி என்றே சொல்கிறார்கள். சாதனத்தை இரு பக்கமும் மவுஸ் என்கிறார்கள். மொழிச் சண்டைக்கு இடமில்லாத ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும்.)

அப்பாவின் மனதில் இன்னொரு பயமும் உண்டு. கேம் என்றால் அவருக்கு ரம்மிதான் ஞாபகம் வருகிறது. பணத்தைக் கட்டி விளையாடி, கடன்பட்டு, குடும்பம் சீரழிந்த கதைகள். பயம் வீண் அல்ல. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஆனால் பையன் கேட்பது வேறு. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து விளையாட்டாக ஏற்கிறது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் கண்காட்சிப் பிரிவாக இடம்பெற்ற ஹார்த்ஸ்டோனில் தீர்த் மேத்தா என்ற இந்தியர் வெண்கலம் வென்றார். அது சீட்டாட்ட வகையைச் சேர்ந்தது. கைவேகத்துக்கு வேலையில்லை, மூளைக்குத்தான். இருபத்தாறாயிரம் டி.பி.ஐ. இல்லாமலும் பதக்கம் உண்டு.

பையன்களில் மிகப் பலர் ஆடுவது செல்போனில். அவர்களுக்கு மவுஸே வேண்டாம். கம்ப்யூட்டரில் வாலரன்ட், கவுண்டர் ஸ்டிரைக் மாதிரி துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவனுக்குத்தான் இந்தப் பேச்சு. எதிரியின் தலை திரையில் தெரிகிற அரை நொடிக்குள் குறிபார்த்து அழுத்த வேண்டும். அந்த அரை நொடியை வைத்துத்தான் கம்பெனிகள் பெட்டியில் எண்களை அச்சடிக்கின்றன.

முதலில் டி.பி.ஐ. மவுஸை மேஜை மேல் ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்பு எத்தனை புள்ளி நகரும் என்பதற்கான கணக்கு அது. சாதாரணத் திரையின் அகலம் 1,920 புள்ளி. 800 டி.பி.ஐ. வைத்தால், ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போக மவுஸை ஆறு சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 26,000 வைத்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வேண்டாம். கை லேசாக நடுங்கினாலே அம்பு கோட்டையைத் தாண்டிப் போய்விடும். கவுண்டர் ஸ்டிரைக்கில் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களில் பலர் இன்றும் 400 அல்லது 800-லேயே வைத்துக்கொள்கிறார்கள். நூறடி அகலச் சாலை நாலு கார் ஓடும் ஊருக்கு எதற்கோ, அதற்குத்தான் இருபத்தாறாயிரமும். 1999-ல் ரேசர் கம்பெனி பூம்ஸ்லாங் என்ற மவுஸை இறக்கியபோது 2,000 டி.பி.ஐ. என்றுதான் விளம்பரப்படுத்தியது. அன்று தொடங்கிய ஏலம் இன்னும் முடியவில்லை.

எண்ணைவிட முக்கியம், மவுஸின் வயிற்றில் இருக்கும் சின்ன கேமரா. அது மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் எடுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, கை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது. உருண்டை வைத்த பழைய மவுஸில் அழுக்கை நகத்தால் சுரண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கையை வேகமாக வீசும்போது கேமரா தடுமாறாமல் இருந்தால் போதும். நல்ல கம்பெனிகளின் ஆயிரத்தைந்நூறு ரூபாய் மவுஸே இதைச் சரியாகச் செய்துவிடுகிறது.

இரண்டாவது எண், மவுஸ் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு எத்தனை முறை தகவல் சொல்கிறது என்பது. சாதா மவுஸ் 125 முறை சொல்லும். அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ் 1,000 முறை. இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். இப்போது 8,000 வரை வந்துவிட்டது. ஆனால் வீட்டு மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றுகிறது. பழைய கம்ப்யூட்டரில் 8,000 வைத்தால் அதற்குப் பதில் சொல்லவே கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படாத விஷயம் ஒன்று உண்டு: கை. 1964-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரு பொத்தான். (1970-ல் காப்புரிமை கிடைத்தும் எங்கல்பார்ட்டுக்கு ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை.) அன்றும் சரி, இன்றும் சரி, அது கைக்குள் அடங்கும் ஒரு கருவி. முழு உள்ளங்கையையும் மவுஸ் மேல் சாய்த்துப் பிடிப்பவர்கள் உண்டு. விரல்களைக் கூரையாக வளைத்து, மணிக்கட்டை ஒட்டிய பகுதியை மட்டும் பதிப்பவர்கள் உண்டு. விரல் நுனியால் மட்டும் தொடுபவர்களும் உண்டு. முதல் வகைக்கு முதுகு உயர்ந்த, நீளமான மவுஸ். கடைசி வகைக்குச் சிறியது, தட்டையானது. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை ஸ்கேல் வைத்து அளந்தால், அதில் பத்தில் ஆறு பங்கு மவுஸின் நீளம் என்று ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. 18 சென்டிமீட்டர் கைக்குச் சுமார் 11 சென்டிமீட்டர். பொருந்தாத மவுஸை இறுக்கிப் பிடித்து நாலு மணி நேரம் ஆடுகிறவனுக்கு வலி மணிக்கட்டில் தொடங்கும். பரீட்சை எழுதுவதும் அதே கைதான்.

எடையையும் பார்க்க வேண்டும். முன்பு நூறு கிராமுக்கு மேல் இருந்தது சகஜம். இப்போது 60 கிராமுக்குக் கீழேயும் வருகிறது. லேசாக லேசாக விலை கனக்கிறது. எண்பது, எண்பத்தைந்து கிராம் தாராளமாகப் போதும். பொத்தானுக்கு இரண்டு கோடி, ஐந்து கோடி அழுத்தல் ஆயுள் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் ஓரிரு வருடத்திலேயே ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகப் பதிவாகும் கோளாறு வருவதுண்டு. உள்ளே இருக்கும் உலோகத் தகடு தேய்வதும் துருப்பிடிப்பதும் காரணம். தகடுக்குப் பதில் ஒளிக்கற்றையால் வேலை செய்யும் பொத்தான்களில் இந்தத் தொல்லை இல்லை. வாரண்டி எத்தனை வருடம், பில் உண்டா என்று கேட்பது டி.பி.ஐ. கேட்பதைவிட லாபம். வயர் இல்லாதது வேண்டுமென்றால் தனி ரிசீவரோடு வருவதாக இருக்கட்டும். புளூடூத் இந்த ஆட்டத்துக்கு மெதுவு.

ஆன்லைனில் நூறு, இருநூறு குறையும். ஆனால் கையை வைத்துப் பார்க்க முடியாது. நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ மாதிரியை வெளியே வைத்திருக்கும் கடைக்குப் போவது அதற்காகத்தான். அங்கே அப்பாவின் முறை வருகிறது. பால்வெட்டும் கத்தியை அவர் பெயரைப் பார்த்து வாங்கியவர் அல்ல. கையில் எடுப்பார், பிடியைத் திருப்புவார், காற்றில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மவுஸையும் அப்படியே எடுக்கிறார். பக்கவாட்டில் ரப்பர் மாதிரி பூச்சு உள்ளதை விரலால் தேய்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்.

"இந்த வேர்வைக்கு இது ஒரு வருசத்துல பிசுபிசுக்கும் மக்களே. வேற எடு."

ரப்பர் விஷயத்தில் அவரிடம் வாதாட முடியாது. பையன் எடுக்கும் அடுத்தது பூச்சு இல்லாதது, வயர் உள்ளது, ஆயிரத்தைந்நூறு சொச்சம். அதில் 8,000 டி.பி.ஐ. என்று போட்டிருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். விரல்களை வளைத்து வைத்துப் பார்க்கிறான், இடமும் வலமும் இழுக்கிறான். கை உட்காருகிறது. இருநூறு ரூபாய்க்கு ஒரு துணி விரிப்பும் கேட்கிறான்; வழுவழுப்பான மேஜையில் கேமரா குழம்பும் என்கிறான். அதை அப்பா மறுக்கவில்லை. பில்லை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.