கலித்தொகை பாடியவர் யார்?

ஏறக்குறைய நாற்பதாண்டுகளுக்கு முன்னர், ஆசிரியத் தொழிலில் நான் புகுந்த புதிதில், தவணைப் பரீட்சை வினாத்தாளொன்றில் "கலித்தொகையைப் பாடியோர் யாவர்?" என்றொரு வினா இட்டிருந்தேன். பாலைக்குப் பெருங்கடுங்கோ, குறிஞ்சிக்குக் கபிலர், மருதத்துக்கு மருதனிளநாகனார், முல்லைக்குச் சோழன் நல்லுருத்திரன், நெய்தலுக்கு நல்லந்துவனார் என ஐவர் பெயரையும் மாணவர் எழுதுவரென எதிர்பார்த்தேன். ஒரு மாணவன் மட்டும் "நல்லந்துவனார்" என்று ஒரே பெயரை எழுதியிருந்தான். சிவப்பு மையாற் குறுக்கே கோடிட்டேன். "ஐயா, எங்கடை அப்புவின்ரை புத்தகத்தில் அப்பிடித்தான் கிடக்கு" என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வகுப்பார் சிரித்தனர், நானும் சிரித்தேன்.

சில ஆண்டுகள் கழிந்தபின், சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. நூலின் பெயர் "நல்லந்துவனார் கலித்தொகை" என்றிருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்து, அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றிய அப்பேரறிஞர், நூல் முழுவதையும் ஒருவர் வாக்காகவே கொண்டிருந்தார். மாணவன் பிழை எழுதவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவன் என்னிலும் பழைய பதிப்பொன்றைப் படித்திருந்தான், அவ்வளவே.

அவ்வாறாயின் ஐவர் எங்கிருந்து வந்தனர்? 1925 முதல் வெளிவந்த இ. வை. அனந்தராமையரின் பதிப்பு ஐவர் என்னும் கொள்கையைத் தழுவியது. அக்கொள்கைக்கு முதன்மையான ஆதாரம் ஒரு தனி வெண்பா. ஐந்து திணைக்கும் ஐந்து புலவரை அது வரிசைப்படுத்துகின்றது. அவ்வெண்பாவைப் பாடியவர் யாரென்பது அதிற் சொல்லப்படவில்லை. பெயரறியாத ஒருவரின் நான்கடியை நம்பி, 149 பாட்டுக்களுக்கு நாம் பெயர் சூட்டியிருக்கின்றோம். பரிபாடலின் நிலை வேறு. அங்கே பாட்டின் அடிக்குறிப்பு பாடியவரையும், இசை வகுத்தவரையும், பண்ணையும் தெரிவிக்கின்றது. கலித்தொகைக்கு அத்தகைய அடிக்குறிப்பு வாய்க்கவில்லை.

நூலின் அகத்தே புகுந்து பார்ப்போர்க்கு ஐயம் மேலும் வலுப்படும். பெருங்கடுங்கோ சேரர் குலத்தவர். ஆயினும் பாலைக்கலியில் வையையும் கூடலும் பேசப்படுகின்றன. முல்லைக்கலியில் ஏறுதழுவலைப் பாடும் பாட்டொன்று, கடல் கொண்ட நிலத்துக்கு ஈடாகப் பகைவர் நாட்டைக் கைக்கொண்டு, புலியையும் வில்லையும் நீக்கி மீனைப் பொறித்த பாண்டியனைப் புகழ்கின்றது. புலி சோழரின் இலச்சினை. தன் குலக்கொடி வீழ்ந்த கதையைச் சோழன் ஒருவனே பாராட்டிப் பாடினான் என்று நம்புவது எளிதன்று. பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையும் நூல் முழுவதும் ஒரே புலவரின் ஆக்கம் என்றே கருதினார்.

மறுபக்கத்தையும் கூறுவதே முறை. ஐங்குறுநூற்றைத் திணைக்கொருவராக ஐவர் பாடினர். அங்கும் குறிஞ்சி கபிலருடையதே. அத்தகைய மரபொன்று இருந்ததனாற் கலித்தொகையும் அவ்வாறே அமைந்திருக்கலாம். அன்றி, ஐங்குறுநூற்றைப் பார்த்தே வெண்பாக்காரர் கலிக்கும் ஐவரை வகுத்தாரெனினும் பொருந்தும். என் மனம் ஒருவர் என்னும் பக்கமே சாய்கின்றது. ஆயினும் சாய்வு வேறு, முடிவு வேறு.

ஐயங்களெல்லாம் ஒரு தரத்தனவல்ல என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். விபுலாநந்த அடிகளார் "செகசிற்பியார்" என அழைத்த ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்வோம். அவர் நாடகங்களை எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன் முதலியோர் என்று அமெரிக்கப் பெண்மணியான டெலியா பேக்கன் 1857இல் ஒரு நூல் வெளியிட்டார். பல்கலைக்கழகம் காணாத, கையுறை செய்பவரின் மகனுக்கு இத்துணை அறிவு ஏது என்பதே இத்தகைய ஐயங்களின் அடியிற் கிடக்கும் எண்ணம். ஆனால் அவருடன் நடித்த தோழர் இருவர் நாடகங்களைத் திரட்டி அவர் பெயராலேயே 1623இல் வெளியிட்டனர். உடன்காலப் புலவரான பென் ஜோன்சன் அதில் அவரைப் போற்றிப் பாடினார். சான்றை ஒதுக்கிவிட்டுப் பிறப்பை நோக்கி எழும் ஐயம் அது. கலித்தொகை பற்றிய ஐயமோ சான்றின் மெலிவைக் கண்டு எழுவது. முன்னையது செருக்கின் பிள்ளை. பின்னையது ஆராய்ச்சியின் பிள்ளை.

"பாட்டு இனிக்கின்றது, பாடியவர் எவராயினும் என்ன?" என்பார் உளர். சுவைப்போர்க்கு அது போதும், கற்பிப்போர்க்குப் போதாது. நூலைப் பாடியவர் ஒருவரேயாயின், அவருடைய 116 பாட்டுக்களைப் பறித்து நால்வருக்குப் பங்கிட்டிருக்கின்றோம். ஐவரேயாயின், தாமோதரம்பிள்ளையவர்களின் முகப்பு நால்வரை மறைத்துவிட்டது. எப்படிப் பார்ப்பினும் உழைத்த புலவர் எவருக்கோ அநீதி நிகழ்ந்திருக்கின்றது. அதை அறியாதார்போல நாம் பெயர்ப்பட்டியலை ஒப்புவிக்கச் செய்தல், அவ்வநீதியை ஆண்டுதோறும் புதுப்பிப்பதாகும்.

ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. "பாடியவர் யார்?" என்று கேட்பதோடு நில்லாது, "அவ்வாறு கொள்வதற்கு ஆதாரம் யாது?" என்றும் கேளுங்கள். இரண்டாம் வினாவுக்கு விடை தேடும் மாணவன் வெண்பாவையும் தேடுவான், பதிப்புக்களையும் புரட்டுவான், ஈற்றில் நூலையே படிப்பான்.

அந்தப் பழைய விடைத்தாள் இன்று என்னிடமில்லை. இருந்திருப்பின், சிவப்புக் கோட்டை அழிக்க முடியாவிட்டாலும், அதன் பக்கத்தில் "எந்தப் பதிப்பு?" என்று எழுதி, முழுப் புள்ளியும் இட்டிருப்பேன்.