எலியின் கணையமும் ஒரகடத்துத் தொழிலாளியும்

ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி முதுகுவரை பாய்கிறது. முன்னால் குனிந்தால்தான் கொஞ்சம் தேவலை. ரத்தத்தில் லைபேஸ் என்ற நொதி இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல். திடீர் கணைய அழற்சி. டிரிப் ஏறும், வலிக்கு ஊசி விழும், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். நோயையே அடக்கும் மருந்து மட்டும் இல்லை.

ஆய்வுக்கோ குறைவில்லை. 1856இலேயே கிளாட் பெர்னார்ட் நாயின் கணையக் குழாயில் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தி நோயை வரவழைத்தார். இன்று வழி எளிது. ஆஸ்திரேலிய மரத்தவளையின் தோலில் முதலில் கண்டறிந்த செருலீன் என்ற பொருளைச் சுண்டெலிக்கு மணிக்கு ஒன்றாக ஏழெட்டு ஊசி போடுகிறார்கள். அன்றே கணையம் வீங்கும். சில நாளில் தானே தேறிவிடும். தவளைத் தோலின் சரக்கால் படுக்கையில் விழுந்த நோயாளி நம் வார்டுகளில் உண்டா?

இங்கே வருபவர்களுக்குப் பெரும்பாலும் பித்தக்கல் அல்லது மது. மதுவை மட்டும் கொடுத்தால் எலிக்குப் பொதுவாக இந்த நோய் வருவதில்லை. கூடவே இன்னொரு அடி விழ வேண்டும். அந்த இன்னொன்று மனிதரிடம் எது என்பதுதான் கேள்வி. குடிக்கிற எல்லோருக்கும் வருவதில்லையே. நாட்பட்ட கணைய நோயிலும் இதே குழப்பம்தான். அதற்கு மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று கேரளத்தை வைத்து வெகுகாலம் பேசினார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் உள்ளிட்ட குழு எலிகளுக்கு நீண்டநாள் மரவள்ளி கொடுத்துப் பார்த்தது. நீரிழிவும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை என்று 2000இல் எழுதியது. கிழங்கு குற்றமற்றதா, எலி தவறான சாட்சியா? எலியை மட்டும் கேட்டால் விடை வராது. திடீர் அழற்சிக்கு விலங்குகளிடம் நம்பிக்கை தந்த லெக்ஸிபஃபான்ட் என்ற மருந்தும் மனிதரிடம் தேறவில்லை.

எலி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்ளும் விதத்தை அது காட்டித் தந்தது. ஆனால், டிரிப்பை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்ற சாதாரணக் கேள்விக்கு 2022இல் விடை சொன்னவர்கள் 249 நோயாளிகள். வேகமாக ஏற்றியதால் பலன் கூடவில்லை, உடம்பில் நீர் தேங்கியதுதான் மிச்சம் என்று சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

மனிதரிடம் அந்த இன்னொரு அடி எது என்று அறிய, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் மருத்துவமனைகளில் இந்த வலியோடு வருபவர் என்ன குடித்தார், எத்தனை நாள் இரவு ஷிப்ட் பார்த்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று ஒரே படிவத்தில் எழுதி வைக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். சுகாதாரத் துறையும் இ.எஸ்.ஐ.யும் இதைத் தொடங்கட்டும்.