இராட்டினத்துக்குக் கதை எதற்கு?

மயிலாப்பூர் மாடவீதி தொடங்கி அடையாறு வரை சினிமா அன்பர்களிடையே ஒரு யோசனை உலவுகிறது: வி.ஜி.பி. பூங்காவைப் படமாக்கலாமாம், இராட்டினத்தில் பேய், சறுக்குமரத்தடியில் புதையல். டிஸ்னிலாந்தில் 1967இல் தொடங்கிய படகுச் சவாரி 2003இல் 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' ஆகவில்லையா என்கிறார்கள். ஆயிற்று. ஆனால் படத்தைத் தாங்கிய ஜாக் ஸ்பாரோ அந்தச் சவாரியில் இருந்தவரே அல்லர். படம் வென்றபின், 2006இல்தான் அவருடைய பொம்மை அங்கே ஏறியது.

கதையைத் தருவது எந்திரமன்று, மனிதன். சிரிக்க வைக்க முயன்ற கூட்டத்தின் முன் முகம் அசையாது நின்ற வி.ஜி.பி. சிலை மனிதரிடம் பல்லிளித்துத் தோற்றவர்கள்தாம் நாங்களும். மாலையில் வேடம் கலைத்தபின் அவர் எதற்குச் சிரித்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. அதைக் கேட்கத் துணிபவர் படமெடுக்கட்டும். மற்றவர்கள் சீட்டு வாங்கி இராட்டினம் ஏறட்டும்.