துணைக்கு வருபவருக்கும் சோறு போடுங்கள்



2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. பெருமைதான். ஆனால் அங்கே போய்ச் சேர அந்தப் பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

ஜவ்வாது மலை, போதமலைப் பக்கத்துக் குக்கிராமங்களில் வலி கண்டவளை டோலி கட்டித் தூக்கிவந்த கதைகள் பழங்கதைகள் அல்ல. 108 வண்டி சாலை முடிகிற இடம்வரைதான் வரும். பேறுகாலத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு கட்டுமீறினால் இரண்டு மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். மலைப்பாதைக்கே அந்த நேரம் போதாது.

நாள் நெருங்கும்போதே கீழே வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறையில் தங்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? ஆடுகளை யார் ஓட்டுவது? துணைக்கு வரும் மாமியாரின் கூலியை யார் தருவது? இதையெல்லாம் கேட்காமல், "அந்த ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணை தவணையாக வருகிறது; வீட்டில் அடுப்பெரிய அன்றன்றைக்குக் காசு வேண்டும்.

காத்திருப்பு அறையில் மூத்த பிள்ளைக்கும் இடம் வேண்டும். துணைக்கு வருபவருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் நாள்கூலியும் கொடுக்க வேண்டும். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவுப் பணிக்குச் செவிலியர் ஒருவர் மட்டும் இருப்பதையும் அரசு மாற்ற வேண்டும்.

- ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருப்பத்தூர் மாவட்டம்