ராக்கெட்டில் மனிதர்கள் ஏறும் நாள்... பழவேற்காட்டில் கடல் எத்தனை நாள் மூடும்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புதுன்னா சென்னையில் இருக்கும் நமக்கு மொட்டைமாடி, மொபைல் கேமரா, அவ்வளவுதான். வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி, பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், அரங்கம்குப்பம் மக்களுக்கு அது வேறு மாதிரியான செய்தி. ‘நாளைக்கு ராக்கெட்டு, யாரும் கடலுக்குப் போகாதீங்க’ என்று அறிவிப்பு வரும். ஃபைபர் படகுகள் கரையேறிவிடும். பார்க்க வருகிற கூட்டத்துக்கு டீக்கடையில் வியாபாரம் நடக்கும். வலைக்காரருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை.

இந்தப் பழைய கதையை இப்போது பேசக் காரணம் ககன்யான். இதுவரை செயற்கைக்கோள் ஏற்றிப்போன தளத்திலிருந்து, 2027-ல் மனிதர்களை அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது இஸ்ரோ. அதற்காகத் தேர்வான விமானப்படை வீரர்கள் நான்கு பேர். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் மாஸ்கோ அருகே இருக்கும் ககாரின் மையத்தில் பயிற்சி எடுத்தவர்கள். விண்வெளிக்கு ஆள் அனுப்பும் பாடத்தை நாம் முதலில் கற்றது ரஷ்யர்களிடம்தான்.

அந்தப் பாடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்போம். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 கலத்தில் சல்யுட்-7 விண்வெளி நிலையத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். கூடப் போன இருவரில் ஒருவர் கென்னடி ஸ்ட்ரெகலோவ். அதற்குச் சுமார் ஆறு மாதத்துக்கு முன், 1983 செப்டம்பர் 26 அன்று இவர் வேறொரு சோயுஸில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும் முன்பே ராக்கெட் தீப்பிடித்துக்கொண்டது. உச்சியில் இருந்த தப்பிக்கும் கோபுரம் எரிந்து, கலத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு மேலே போனது. சில நொடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது. ஸ்ட்ரெகலோவும் சக வீரர் டிட்டோவும் பாராசூட்டில் சுமார் 4 கி.மீ. தள்ளி இறங்கினார்கள். அந்த மனுஷன் ஆறு மாதம் கழித்து மறுபடி ராக்கெட் ஏறியிருக்கிறார் பாருங்கள்!

அவர்கள் இறங்கிய இடம் கஜகஸ்தானின் பைகோனூர். சுற்றிலும் ஆள் நடமாட்டம் குறைந்த புல்வெளி. ஸ்ரீஹரிகோட்டாவில் அந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். அந்தத் தீவுக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பழவேற்காடு ஏரி. இங்கே ஒரு கலம் ராக்கெட்டை உதறிவிட்டுத் தப்பித்தால், அது வந்து விழுவது மீன்பிடிக்கும் கடலில்.

இது கற்பனை இல்லை, ஒத்திகையே நடந்துவிட்டது. 2023 அக்டோபர் 21 அன்று ஆளில்லாத கலத்தை வைத்துத் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தார்கள். சுமார் 17 கி.மீ. உயரத்தில் பிரிந்த கலம், பாராசூட் விரித்து, கரையிலிருந்து 10 கி.மீ. தூரத்தில் கடலில் இறங்கியது. கடற்படை போய் மீட்டது. 10 கி.மீ. என்பது ஃபைபர் படகு சாதாரணமாகப் போய்வருகிற தூரம்.

அன்று காலை நடந்த இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். கவுன்ட்டவுன் முடிய 5 நொடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. கோளாறைச் சரிசெய்து 10 மணிக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, அதே நாளில் முடிந்தது. 2019-ல் சந்திரயான்-2 ஜூலை 15 அன்று 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தப்பட்டு, 22-ம் தேதிதான் கிளம்பியது. ஆள் ஏறும் பயணம் என்றால் தயக்கம் இன்னும் கூடும், கூடத்தான் வேண்டும். சுபான்ஷு சுக்லா போன ஆக்ஸியம்-4 பயணமே சாட்சி. 2025 மே 29 என்று சொல்லப்பட்டது, வானிலை, ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு, விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு எனத் தள்ளித் தள்ளி ஜூன் 25 ஆனது. ஃப்ளோரிடாவில் நடந்ததால் நமக்கு அது வெறும் செய்தி. இதே இழுபறி ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தால், ஒவ்வொரு தேதியும் குப்பத்தில் ஒரு தடை நாள். விஞ்ஞானிக்குத் தள்ளிவைப்பு என்பது பாதுகாப்பு. மீனவருக்கு அது இன்னொரு நாள் படகுக் கடன், ஐஸ், டீசல்.

‘கடல் இல்லைன்னா ஏரியில வலை போட வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இறால் பிடிக்கும் சுத்து வலை இடங்களைச் சீட்டுப் போட்டு, ஊர் ஊராக முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம். உரிமை இருக்கிறவருக்கு அவரவர் முறை வரும் நாளில்தான் இடம். கடல் மூடிவிட்டது என்று இன்னொருவர் பாட்டில் போய் இறங்க முடியாது. ஏரியே முகத்துவாரத்தில் மணல் அடைத்துத் திணறுவது தனிக் கதை. இந்தக் கேள்வியைக் குப்பத்தில் போய்க் கேட்டுவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

தடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே போவதில் ஒரு பகுதி கடலுக்குத்தான் திரும்பி வரும். 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் உறை சிக்கியதே! உயிர் முக்கியம். என் கேள்வி வேறு: தடையை அறிவிக்கும் அதே தாளில், அன்றைய நாளுக்கு ஒரு படகுக்கு என்ன தொகை என்பதும் ஏன் இருக்கக் கூடாது? மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை போடும் அரசு, அதற்கு நிவாரணமும் தருகிறது. மீனுக்காக நிறுத்தினால் தொகை உண்டு என்றால், ராக்கெட்டுக்காக நிறுத்துவதற்கும் விதியாகவே எழுதிவிடலாம். தள்ளிப்போனால் அடுத்த தேதிக்கும் சேர்த்து. ஒரு மூன்றாவது ஏவுதளத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒதுக்கியது 3,984 கோடி ரூபாய். சில நூறு படகுகளின் சில நாள் கூலி அதில் எந்த மூலைக்கு?

இன்னொன்றும் கேட்கலாம். 2015 சென்னை வெள்ளத்திலும், 2018 கேரள வெள்ளத்திலும் முதலில் ஓடி வந்தது மீனவர் படகுகள். ஆள் இருக்கும் கலம் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால், மீட்கும் வேலை கடற்படையுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நீரோட்டமும், எந்தக் காற்றில் மிதக்கும் பொருள் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. ஒத்திகையில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100-வது ராக்கெட் 2025 ஜனவரி 29 அன்று போனது. முதல் நூறுக்கு ஏறக்குறைய 45 ஆண்டுகள் ஆனது. அடுத்த நூறுக்கு அவ்வளவு காலம் ஆகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. பக்கத்திலேயே மணப்பாடு கரையில் படகுகள் நிற்கின்றன.